கடற்கரையில் ஒரு பழைய ஜீப்: வீட்டிலேயே சீர்செய்ய, மேம்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று இந்த இராமநாதபுரக் கரையோரத்தில் பழைய மஹிந்திரா ஜீப் வாங்குகிறவர்கள் பணத்தைச் செலவழிக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அகலமான டயர், அடுத்து பெயின்ட், பிறகு கூடுதல் விளக்கு. கையிருப்பு தீரும் நேரத்தில்தான் பிரேக் ஞாபகத்துக்கு வரும். சேஸிஸ் என்ற இரும்பு அடிச்சட்டம் ஒன்று கீழே இருப்பதை வெல்டிங் பட்டறைக்காரர் சொல்லித்தான் அறிந்துகொள்வார்கள்.

இங்கே சொல்லப்போகும் வரிசை அதற்கு நேர் எதிரானது: துரு, பிரேக், ஸ்டீயரிங்கும் முன் அச்சும், எண்ணெய்கள், இன்ஜின், மின்சாரம், கடைசியில் மேம்பாடு. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் நடுவே காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் உப்போடுதான் வருகிறது. இன்ஜின் தேய்வதற்கு வெகுகாலம் முன்பே இரும்பு போய்விடும்.

நான் மனத்தில் வைத்திருப்பது மஹிந்திரா எம்.எம். 540 போன்ற 1980, 90களின் டீசல் ஜீப்பை: 2112 சிசி எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின், நான்கு பக்கமும் அதிர்வைத் தாங்கும் கமான் பட்டை, டிரம் பிரேக், வேண்டும்போது மட்டும் முன் சக்கரங்களையும் இணைத்துக்கொள்ளும் அமைப்பு. அதற்கு முந்தைய பெட்ரோல் ஜீப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஸ்பேனரைத் தொடும் முன்

முதல் தேவை கெட்டியான தரை. நம் வீட்டு முற்றங்களில் பெரும்பாலும் மணல். மணலில் ஜாக்கி சாயும், ஸ்டாண்டு புதையும். சிமென்ட் தளம் இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டின் கீழும் தடித்த, அகலமான மரப்பலகை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது.

இதோடு சேர்ந்த ஓர் ஆபத்து பலருக்குத் தெரியாது. பல பழைய ஜீப்புகளில் கைப் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பின்பக்கம் ஒரு சிறு டிரம்மில் இருந்துகொண்டு அது பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) வழியாக அந்தச் சக்கரம் சுற்றிக்கொள்ளும். கைப் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். ஆகவே தூக்குவதற்கு முன்பே தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது தேவை நல்ல தண்ணீர். நம் போர்வெல்கள் பலவற்றில் உவர் நீர். அதைக் கொண்டு உப்பைக் கழுவுவது உப்பைப் பூசுவதற்குச் சமம். ஒரு கரண்டித் தண்ணீரைக் கறுப்புத் தகட்டில் ஊற்றி வெயிலில் காய விடுங்கள். வெள்ளைப் படலம் தங்கினால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ சில குடம் போதும்.

மூன்றாவது, இரண்டு வகை ஸ்பேனர் செட். ஜீப்பின் உடம்பு அமெரிக்க வழி வந்தது, அதனால் சேஸிஸ், அச்சு, கமான் எல்லாம் அங்குல அளவு. டீசல் இன்ஜின் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் வடிவமைப்பு, அதனால் மில்லிமீட்டர் அளவு. அரை அங்குல போல்ட் தலை 12.7 மில்லிமீட்டர் என்பதால் 13 ஸ்பேனர் அதில் ஏறிவிடும். துருப்பிடித்த போல்ட்டில் அப்படிப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும். பிறகு உளியும் வெல்டிங்கும்தான்.

துரு இளக்கும் எண்ணெயை வேலைக்கு முந்தைய நாளே அடித்துவையுங்கள். அது மரைக்குள் ஊறுவதற்கு நேரம் வேண்டும். இன்னொன்று: பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரி மரையாக இருக்கலாம். ஸ்டட்டின் முனையில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். குழாயை மாட்டி நெம்பி நட்டை அவிழ்ப்பதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய் ஸ்டட்டை முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. துருவைக் கணக்கெடுங்கள்

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். சிறு சுத்தியலால் சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அது பட்டி (புட்டி) பூசி மூடப்பட்ட ஓட்டை.

கட்டாயம் பார்க்க வேண்டியவை: கமான் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகள், ஷாக்கிள்கள் (கமான் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்புகள்), பின் குறுக்குச் சட்டம், பாடி சேஸிஸில் அமரும் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸைப் பிடிக்கும் பகுதி. பெட்டி போல மூடிய பகுதிகள் உள்ளிருந்து வெளியே அரிக்கும் என்பதால் வெளிப்பக்கம் பளபளப்பாக இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வருவதற்கு முன்பு தனுஷ்கோடிக்கு ஈர மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் ஆள் ஏற்றிப் போனவை ஜீப்புகளும் வேன்களும்தான். அப்படி ஓடிய வண்டி விலைக்கு வந்தால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். ஷாக்கிளையும் முன் சக்கர நக்கிளையும் (முன் அச்சு முனையின் உருண்டை மூட்டு) பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கமான் பிராக்கெட்டோ ஸ்டீயரிங் பிடிப்போ அரித்திருந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவையுங்கள். அதைத் தேர்ந்த வெல்டரிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் கற்றுக்கொள்வதற்கான வெல்டிங் அது அல்ல.

3. துருவை நீக்கிப் பூசுவது

இந்தப் பிரிவுதான் மிக நீளம். இங்கே செய்யும் தவறு ஓராண்டு கழித்துத்தான் தெரியும். அதற்குள் மேலே எல்லா வேலையும் முடிந்திருக்கும்.

மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை போய்விட்டிருக்கும், மணலை வாரி இறைக்கும் கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. ஈரப்பசையான விடியற்காலையில் பிரைமர் அடிக்க வேண்டாம். இரும்பின் மீது கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும்.

வெல்டிங் தேவைப்பட்டால் அதுவே முதல் வேலை. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பல பழைய ஜீப்புகளில் எரிபொருள் டேங்க் ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே இருக்கிறது. அதை வண்டியிலிருந்து இறக்கி, தூர எடுத்துப்போய் வைத்த பிறகுதான் தீப்பொறி. ‘டேங்க் காலிதானே’ என்று விட்டுவிடுவது மிகப் பெரிய பிழை. காலி டேங்கில் நிறைந்திருப்பது ஆவி, வெடிப்பதும் அதுதான்.

பிறகு கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் கொண்டு உதிரும் துரு முழுவதையும் எடுங்கள். எடுத்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி முழுதாகக் காய வையுங்கள். புதியவர்கள் தாண்டிச் செல்லும் படி இது. துருக் குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அந்த உப்பு பெயின்ட் படலத்தின் வழியாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும். பெயின்ட் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

காய்ந்தபின் குழிகளில் மட்டும் துரு மாற்றும் திரவம் தடவுங்கள். வெள்ளை இரும்பு தெரியும் இடங்களில் துத்தநாகம் மிகுந்த பிரைமர் போடலாம். துத்தநாகம் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும் என்பதால் துருவின் மேலோ பழைய பெயின்ட்டின் மேலோ அதை அடிப்பது வீண். அதற்கு மேல் எப்பாக்சி பிரைமர், பிறகு பெயின்ட். ஒவ்வொரு பூச்சுக்கும் டப்பாவில் எழுதியிருக்கும் இடைவெளியைக் கொடுங்கள். ஓர் இரவு வெளியில் நின்றாலே மேற்பரப்பில் உப்புப் படிந்துவிடும். அடுத்த பூச்சுக்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும்.

மூடிய பகுதிகளுக்குள் நீண்ட குழாய் முனை வைத்து மெழுகு வகைத் தடுப்பானைச் செலுத்துங்கள். அடியில் இருக்கும் வடிதுளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இரண்டு பழக்கங்களைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். ஒன்று, சேஸிஸுக்குக் கழிவு ஆயில் அடிப்பது. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வழிந்து பிரேக் லைனிங்கிலும் இறங்கும். மற்றொன்று, துருவை எடுக்காமல் அதன் மேலேயே தார் போன்ற தடித்த பூச்சைப் போடுவது. ஈரம் அதன் அடியில் சிறைப்பட்டு, கண்ணில் படாமல் அரிக்கும்.

4. பிரேக்

சேஸிஸ் உறுதியானதும் பிரேக். ஓடாத வண்டியால் பணம்தான் போகும், நிற்காத வண்டியால் உயிரே போகும்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். டிரம் பல காலம் கழற்றப்படாமல் இருந்தால் முதலில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசும் வளைந்த கட்டை) அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். உள்விளிம்பில் துரு வரம்பு கட்டியிருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் டிரம் விரிசல் விடும்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உட்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் வாஷர் மட்டும் மாற்றுவது பயன் தராது. குழியின் ஓரம் புது வாஷரையும் அறுத்துவிடும், சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களும் புதிதாகவே இருக்கட்டும். பழைய ஹோஸ் உள்ளே ஊதிச் சுருங்கி, பெடலை விட்ட பிறகும் எண்ணெயைத் திரும்ப விடாது. சக்கரம் சூடேறும், ஆனால் ஆள் பேரிங்கைச் சந்தேகிப்பார். இரும்புக் குழாய்களை மாற்றுவதானால் செம்பு–நிக்கல் கலவைக் குழாய் இந்தக் கரைக்கு ஏற்றது. வெறும் செம்புக் குழாய் அதிர்வில் வெடிக்கும், அது வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். நீர் கலந்த ஆயில் சூட்டில் ஆவியாகும், சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். திறந்து பல நாள் ஆன டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள்; பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், கடலோரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கனிம எண்ணெய் எதுவும் ஒரு துளிகூட அதில் கலக்கக் கூடாது. ரப்பர் எல்லாம் உப்பிப்போகும்.

வரிசை: முதலில் ஷூக்களை டிரம்மோடு உரசும் அளவுக்கு அட்ஜஸ்ட் செய்து சற்றே தளர்த்துங்கள், பிறகு காற்றை வெளியேற்றுங்கள். மாற்றிச் செய்கிறவர்கள் பெடல் ஆழமாகப் போவதைக் கண்டு ‘இன்னும் காற்று இருக்கிறது’ என்று எண்ணி டப்பா டப்பாவாக ஆயிலை வீணாக்குகிறார்கள். ஷூ தூரத்தில் இருந்தால் பெடல் ஆழமாகத்தான் போகும். காற்றை எடுக்க மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலோடு இணைந்த முதன்மைச் சிலிண்டர்) மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

5. ஸ்டீயரிங், ஹப், நக்கிள்

ஸ்டீயரிங் ஆட்டம் காட்டினால் எல்லாரும் பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத்தான் முதலில் திருகுகிறார்கள். அதைக் கடைசியில் தொடுங்கள். நேராக ஓடும்போது வேலை செய்யும் பாக்ஸின் நடுப்பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே ஆட்டம் போகும்வரை இறுக்கினால் வளைவில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். சரியான வரிசை: டயர் காற்று, ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) பேரிங், கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி), டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) முனைகள், டிராக் லிங்க் (பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு), பிறகு பாக்ஸ்.

ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுதாகக் கழுவி, பேரிங்கின் உருளைகளுக்கு இடையே புது கிரீஸ் ஏறும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது. நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள். உராய்வு தெரிந்ததும் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை வைத்து, இரண்டாம் நட்டை இறுக்கி, வாஷரின் ஓரத்தை நட்டின் மேல் மடக்குங்கள். உளியால் தட்டி இறுக்காமல் அதற்கென்றே உள்ள பெரிய பாக்ஸ் ஸ்பேனரை வாங்கிவிடுங்கள்.

முன் அச்சின் இரு முனையிலும் உருண்டையாகத் தெரிவது நக்கிள். அதன் வெளி ஓரத்தில் இருக்கும் ஃபெல்ட்டும் ரப்பரும் மணலைத் தடுக்கின்றன. அவை கிழிந்தால் மணலும் உப்பும் உள்ளே போய் உருண்டையின் பளபளப்பைக் குழி குழியாக்கும். குழி விழுந்த உருண்டையில் எந்தப் புது சீலும் நிற்காது. வண்டியில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இந்தச் சீலைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. கியர் எண்ணெய்கள்

எண்ணெயை வடிக்கும் போல்ட்டுக்கு முன் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்ட பிறகு நிரப்பும் போல்ட் துருவில் இறுகி நின்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

டிஃபரன்ஷியல்களுக்கு ஜி.எல். 5 வகை 90 எண்ணெய். கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் உண்டு என்பதால் அங்கே ஜி.எல். 4, இரண்டுக்கும் ஒரே டப்பா போதும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். வடித்த எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அச்சின் மேல் இருக்கும் சிறு மூச்சுத் துளை அடைபட்டால் சூடான அச்சு தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது சீல் வழியே நீரை உறிஞ்சும். அந்தத் துளையைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கியர்பாக்ஸ் அளவு குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

7. டீசலும் குளிர்விப்பும்

எக்ஸ்.டி.பி. இன்ஜின் பொறுமைசாலி, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாம்பன், மண்டபம் பக்கம் படகு இன்ஜின் பார்ப்பவர்களுக்கு டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் கைவந்த கலை. அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஃபில்டர். மாற்றிய பிறகு கைப் பம்ப்பை அடித்து, முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, அடுத்து பம்ப் ஸ்க்ரூ, கடைசியில் இன்ஜெக்டர் குழாய் நட்டு என்ற வரிசையில் காற்றை எடுங்கள். எரிபொருள் வரும் திசையும் அதுதான். இன்ஜெக்டர் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும். டேங்கை நிறைவாகவே வைத்திருங்கள். காலி இடத்தில் கடற்காற்றின் ஈரம் நீராகப் படியும்.

ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் மட்டுமே. சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வல்ல. ரேடியேட்டரின் வெளி இடுக்குகளில் உப்பும் மணலும் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

8. மின்சாரம்

பழைய ஜீப்பின் மின் கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் கோளாறுகள். பேட்டரியிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து இன்ஜின், சேஸிஸிலிருந்து பாடி என்று மூன்று இணைப்புகளையும் கழற்றி, இரும்பு வெளுக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லும் யோசனையை அதற்குப் பிறகு கேட்கலாம். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில்.

9. மேம்பாடு: எது முதலில், எது வேண்டாம்

முதல் மேம்பாடு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பழைய ஒற்றைச் சுற்றில் ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒரே நேரத்தில் போகும். அடுத்தது முன் டிஸ்க் பிரேக். மூன்றாவதாக ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்). பழைய சுவிட்ச் வழியாகவே முழு மின்னோட்டமும் போவதால்தான் வெளிச்சம் மங்குகிறது, பல்பை மாற்றுவதற்கு முன் ரிலே போட்டுப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் வசதிதான், ஆனால் ஐந்தாம் பிரிவில் சொன்ன வேலைகளை முடிக்காமல் போட்டால் ஆட்டத்தை மறைக்கும்.

டயரில் ஆடம்பரம் வேண்டாம். மிகப் பெரிய டயர் நக்கிளையும் பேரிங்கையும் தின்னும், பிரேக்கைப் பலவீனமாக்கும். நமக்கு வேண்டியது சீமைக் கருவேல முள்ளைத் தாங்கும் தடித்த அடுக்கு டயர். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் அளவு மாறினால் நான்கு சக்கர இணைப்பில் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி முதலில், இன்ஜின் பிறகு. வண்டி 50 ஆண்டு தாண்டியதென்றால் இன்னும் யோசியுங்கள். 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாதவற்றுக்கே பொருந்தும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டவும் முடியாது.

10. சோதனை ஓட்டமும் அதற்குப் பின்னும்

முதல் ஓட்டம் ஆளில்லாத தார்ச் சாலையில், மெதுவாக, இரு சக்கர இயக்கத்தில். நான்கு சக்கர இணைப்பைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போட்டுப் பார்க்காதீர்கள். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிடக் கூடுதல் தூரம் ஓடும். அந்த வித்தியாசம் காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கமாக ஏறும். லீவரே வெளியே வராது. அப்படிச் சிக்கினால் லீவரை நெம்பாதீர்கள். நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் தானாக விடும்.

மணல் சோதனைக்கு ஊருக்குப் பின்னால் இருக்கும் மணல் தடம் போதும். ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகளில் வண்டியை இறக்க வேண்டாம். டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம், டியூப் டயர் என்பதால் அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிடுங்கிவிடும். தாருக்குத் திரும்பும்முன் காற்றை நிரப்ப, ஒரு கைப்பம்ப்பாவது வண்டியில் இருக்கட்டும்.

வீடு வந்ததும் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், முக்கியமாகச் சக்கர வளைவின் உள்புறம், ஷாக்கிள்கள், நக்கிளின் சீல் ஓரம். கழுவியபின் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கை மிதித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்; ஈரத்தோடு நின்றால் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கிரீஸ் கன்னை எடுத்து ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய கிரீஸ் மணலோடு வெளியே வரும்வரை அடியுங்கள். எந்த நிப்பிளாவது கிரீஸ் வாங்க மறுத்தால் அன்றே கழற்றி மாற்றுங்கள். அடுத்த முறைக்குள் அந்த புஷ் போய்விடும்.